நோயும் நோயாளியின் பொறுப்பும்

ஒரு துண்டுப் பிரசுரம் விமர்சனத்துக்குரிய பொருளாகுமா என்று நண்பர் சிலர் வினவக்கூடும். ஆகும் என்பதே நமது விடை. மிகப் பெருந்தொகையான மக்களின் கைக்குச் செல்லும் எழுத்து எதுவோ, அதன் மொழியையும் கருத்தையும் ஆராயாத விமர்சனம் தன் கடமையிற் பாதியைக் கைவிட்டதாகும். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலே நாவலோ சிறுகதையோ எட்டிப் பாராத லயங்கள் பல உண்டு. கிளினிக் கொப்பியும் சுகாதாரப் பிரசுரமும் எட்டாத லயத்தைக் காண்பது அரிது. சீனி வருத்தம், பிரஷர், இருதய நோய், ஆஸ்துமா என நீண்டகால நோய்கள் பெருகியுள்ள இந்நாளில், 'உமது நோயை நீரே பேணிக்கொள்ளும்' என்று கூறும் இவ்வெழுத்தை நாம் கூர்ந்து படித்தல் வேண்டும்.

இப்பிரசுரங்களின் இலக்கணம் எளிது. வினைகள் யாவும் ஏவல் வினைகள். உப்பைக் குறையுங்கள், சீனியைத் தவிருங்கள், நாள்தோறும் அரைமணி நேரம் நடவுங்கள், பாதங்களைப் பேணுங்கள், மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என அவை வரிசையாக வரும். இவற்றுள் ஒன்றேனும் பொய்யன்று. நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆயின், இவ்வேவல் யாரை நோக்கியது? விடியுமுன் எழுந்து கோதுமை மா ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையுடன் செங்குத்தான மலையேறிப் பொழுது சாயுமட்டும் நிற்பவளை நோக்கி, அரைமணி நேரம் நடவுங்கள் என்கிறது ஒரு தாள்! எழுதியவர் தம் மனக்கண்ணிற் கண்ட வாசகர் வேறொரு வீட்டில், வேறொரு வர்க்கத்தில் வாழ்பவர் என்பது தெளிவு.

எனினும், இத்தாளை எள்ளி நகையாடுவதுடன் நமது பணி முடிந்துவிடாது. நோயாளிக்கு நோயைக் கற்பித்தல் என்பது அடிப்படையில் ஒரு ஜனநாயகக் கருத்து. இன்சுலின் கண்டறியப்பட்ட 1921 ஆம் ஆண்டுக்கு முன்னரே, 1918 இல், பொஸ்ரன் நகர வைத்தியர் எலியற் ஜொஸ்லின் நீரிழிவு பற்றி வைத்தியரும் நோயாளியும் ஒருங்கே பயன்படுத்தத்தக்க கைந்நூலொன்றை வெளியிட்டார். பிற்காலத்தில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கேற் லோரிக் என்பாரும் அவர்தம் குழுவினரும், நோயாளிகளே சக நோயாளிகளுக்கு வழிகாட்டும் வகுப்புகளை உருவாக்கினர். தம் சுகாதார சேவையைத் திட்டமிடுவதிலும் செயற்படுத்துவதிலும் தனித்தும் கூட்டாகவும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என 1978 ஆம் ஆண்டின் அல்மா ஆட்டா பிரகடனம் முழங்கியது. வைத்தியனின் ஏகபோகமாயிருந்த அறிவு மக்கள் கைக்கு வருவதை வரவேற்காதவன் முற்போக்காளன் ஆகான். அப்பிரகடனத்தில் 'கடமை' என்னுஞ் சொல்லுக்கு முன்னே 'உரிமை' நின்றது. நமது துண்டுப் பிரசுரத்திலோ உரிமை உதிர்ந்து கடமை மட்டும் எஞ்சி நிற்கிறது. நமது குற்றச்சாட்டு இதுவே.

மாத்தளையின் சரித்திரம் இதனை நன்கு விளக்கும். தோட்டத் தொழிலாளருக்குத் துரைமார் மருத்துவ வசதி அளித்தல் வேண்டும் என 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. 1916 இல் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது முதலிற் காலூன்றியது மாத்தளைத் தோட்டங்களிலேதான். புழு மருந்தால் வெளியேறிற்று. ஆயின் மலசலகூடங்கள் போதியளவு கட்டப்படாமையால், வெறுங்காலோடு நடந்தவர் உடலில் மண்ணிலிருந்து மீண்டும் ஏறிற்று. உடலுக்கு மருந்து கொடுப்பது மலிவு. மண்ணைத் திருத்துவது செலவு. அந்தக் கணக்கைத் துரைமார் நன்கறிந்திருந்தனர்.

நூறாண்டுக்கு மேலாயிற்று. 1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை மீண்டும் கம்பனிகளுக்குச் சென்றது. 2011 முதல் நாடெங்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் அமைந்து, குருதியின் சீனியையும் அமுக்கத்தையும் இலவசமாகச் சோதிக்கின்றன, இது பாராட்டற்குரியது. ஆயினும் பழைய கணக்கு மாறவில்லை. பிரஷருக்கு நீர் மாத்திரை பெற்ற பெண்ணொருத்தி அதனைக் காலையில் விழுங்காது முந்தானையில் முடிந்து வைக்கிறாள் எனில், அஃது அறியாமையா? கொழுந்து பறிக்கும் மலையில் ஒதுங்க இடமில்லை. ஆகவே அவள் மாத்திரையையும் விடுகிறாள், தண்ணீரையும் குறைக்கிறாள். கிளினிக்குக்குப் போனால் அன்றைய 'பேர்' போய்விடும். நாட்கூலி 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தமைக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் போராட்டம் இருந்தது என்பதை அறிந்தோர், அந்த ஒரு நாளின் விலையையும் அறிவர். கொப்பியிலோ 'ஒத்துழைக்காத நோயாளி' என்ற பொருளில் ஒரு குறிப்பு விழுகிறது. அவள் தன் வாழ்வை நன்கு கணக்கிட்டே முடிவெடுத்திருக்கிறாள் என்பதை எழுதுதற்கு அக்கொப்பியில் இடமில்லை.

மொழியின் கதையும் இத்தகையதே. தமிழும் ஆட்சிமொழியென 1987 இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. ஆயின் மருந்துறையின் மேல் எழுதப்படும் குறிப்பைப் பாட்டிக்குப் படித்துச் சொல்ல வேண்டியவர் இன்னும் பாடசாலைப் பிள்ளைகளே. நமது வகுப்பறையிலே மாணவியொருத்தி, காலை ஒன்று, இரவு இரண்டு என்பதைத் தன் பாட்டிக்குச் சூரியனும் சந்திரனுமாக உறையில் வரைந்து கொடுத்ததைக் கண்டோம். நாம் படித்த சுகாதாரப் பிரசுரங்கள் யாவற்றிலும் சிறந்த எழுத்து அதுவே. வாசகர் யாரென அறிந்து செய்யப்பட்டமையே அதன் சிறப்பு.

இதே மாவட்டத்தின் வில்கமுவைப் பகுதியிற் சிங்கள விவசாயி மற்றொரு நோயால் வாடுகிறான். வட மத்திய மாகாணத்தில் 1990களில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் முற்றாக நிறுவப்படாத சிறுநீரக நோய் அங்கும் பரந்துள்ளது. நல்ல நீரைப் பருகுங்கள் என்று அவனுக்கும் கூறப்படுகிறது. கிணறு யாருடையது, குழாய் நீரை யார் கொணர்வது என்ற வினாக்கள் அவனுடைய சுயகட்டுப்பாட்டால் தீர்வனவல்ல. ரத்தோட்டையின் தமிழ்த் தொழிலாளியையும் வில்கமுவையின் சிங்கள விவசாயியையும் ஒரே ஏவல் வினை ஒருமைப்படுத்துகிறது; அவர்களை ஒன்றுபடுத்த வேண்டிய கோரிக்கையோ இன்னும் எழுதப்படவில்லை.

இனி, நமது அணியின் குறையையும் கூறவேண்டும். சமுதாயம் மாறினால் நோயும் மாறும், அதுவரை இந்த உப்புக் கணக்கெல்லாம் குட்டி முதலாளித்துவ அறிவுரை என்று பேசுவோர் நம்மிடையே உளர். இஃது அழகான சோம்பல். சமுதாயம் மாறும்வரை உணர்வற்ற பாதத்தின் புண் காத்திராது. 2022 இன் நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தம் மருந்தின் பெயரையும் அளவையும் அறிந்திருந்தவரே அது கிடையாதென வாய்திறந்து கேட்கக்கூடியவராயினர். அறிவின்றி உரிமைக்குரல் எழாது. ஆதலின் மருந்தறிவைக் கற்பிப்பதும் மலையில் மலசலகூடம் கேட்பதும் ஒரே வேலையின் இரு கைகள்.

இவ்விடத்தே நமது இலக்கியத்தையும் கேட்கவேண்டியுள்ளது. மலையகச் சிறுகதைகளில் நோய் பெரும்பாலும் மரணத்தின் முன்னறிவிப்பாகவே வருகிறது. இருமல் வந்தால் அடுத்த பக்கத்தில் பாடை. நோயுடன் இருபதாண்டு வாழ்வதாகிய அன்றாட உழைப்பும், அதில் விளையும் நுட்பமான அறிவும், அவ்வறிவைப் பெரிதும் சுமப்போர் பெண்களாயிருப்பதும் அரிதாகவே எழுதப்பட்டுள்ளன. புதுமைப்பித்தன் இதற்கு வழிகாட்டியுள்ளார். 'செல்லம்மா'ளில் வரும் பிரமநாயகம் பிள்ளை, துணிக்கடைச் சம்பளத்தில், நகருக்கு அப்பால் ஒரு வீட்டில், நோயுற்ற மனைவிக்குச் சமைத்து வைத்துவிட்டுக் கடைக்குச் செல்பவர். அங்கே நோயும் வாடகையும் கடை முதலாளியின் நேரமும் ஒரே நூலிற் கோக்கப்பட்டுள்ளன, கண்ணீர் கோரப்படவில்லை. அதனை எழுதியவர் தாமே 1948 இல் காசநோய்க்கு இரையானார். அப்பார்வையை மலையக லயத்துக்குக் கொணரும் எழுத்தாளனுக்காக நாம் காத்திருக்கிறோம்.

காத்திருக்கும்போதும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் வேலையுண்டு. தத்தம் ஊரின் ஒரு பிரசுரத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு ஏவல் வினைக்கும் எதிரே 'இதற்கு என்ன வேண்டும், யார் தரவேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். பாதங்களைப் பேணுங்கள் என்பதற்கெதிரே பாதணி; மாத்திரையைத் தவறவிடாதீர்கள் என்பதற்கெதிரே மலசலகூடம்; கிளினிக்குக்கு வாருங்கள் என்பதற்கெதிரே சம்பளத்துடன் ஒரு நாள். எழுதி முடிக்கையில் பிரசுரத்தின் இடப்பக்கம் நோயாளியின் கடமைகளாகவும் வலப்பக்கம் அவர்தம் உரிமைகளாகவும் அமையும். இரண்டு பக்கங்களும் சேர்ந்த தாளையே நாம் லயத்துக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.