கேட்காத தோடி

கச்சேரி விமர்சனம் எழுத ஆரம்பித்த புதிதில் ஒரு பொய் எழுதினேன். நாகர்கோவிலில் ஒரு சாக்ஸபோன் கச்சேரி. சிதறாலுக்குத் திரும்ப, மார்த்தாண்டத்தில் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். தோடி ஆலாபனை தொடங்கும்போது எழுந்துவிட்டேன். மறுநாள் நண்பரிடம் உருப்படிகளின் பட்டியலைக் கேட்டு வாங்கி, தோடி ‘விஸ்தாரமாக அமைந்தது’ என்று எழுதினேன். அச்சாயிற்று. யாரும் மறுக்கவில்லை. மறுக்க முடியாத வாக்கியம். எந்தத் தோடிக்கும் பொருந்தும்.

கீர்த்தனை என்றால் இது சிறிய குற்றம். அதை வேறொரு நாள் வேறொருவர் வாசித்துக் கேட்கலாம். ஆலாபனை அப்படியல்ல. ஜாஸிலும் இதுவே நிலைமை: மெட்டு ஒரு வியாஜம், அதை வைத்துக்கொண்டு வாசிப்பவன் அந்த நிமிஷத்தில் என்ன செய்கிறான் என்பதே சங்கீதம். 1980இல் பம்பாய் ஜாஸ் விழாவில், சாக்ஸபோனில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தைக் கேட்ட அமெரிக்கர் ஜான் ஹேண்டி, தானும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டு மேடையேறினார். இருவருக்கும் பொதுவாக இருந்தது பாட்டு அல்ல, மனோதர்மம். அதைப் பற்றியும் ‘விஸ்தாரமாக அமைந்தது’ என்றால் என்ன சொன்னதாகும்?

சிதறால் மலைப்பாறையில் சமணர்கள் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷம் கடந்தும் இருக்கிறார்கள். தப்பாக எழுதினால் ஏறிப் பார்த்துத் திருத்தலாம். கச்சேரிக்கு அந்த வசதி இல்லை. கேட்டவன் சொல்வதே மிச்சம். ஆகவே இப்போதெல்லாம், எந்த இடத்தில் எழுந்து போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.