பொரளையில் ஒரு பெட்டி கடதாசி

கொலாஜ் மாதிரி ஆளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற இன்னொரு கலையை நான் கண்டதில்லை. பள்ளிக்கூடச் சித்திர பாடத்தில் ‘ஒட்டுச்சித்திரம்’ என்று எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்போம். அது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அதோடு ஒதுக்கிவிடுகிறவர்கள் எவ்வளவு பெரிய சந்தோஷத்தை விடுகிறார்கள்! வரைய உட்காருகிறவர் வெள்ளைத் தாளைப் பார்த்து மலைத்துப்போய் இருப்பார். ஒட்டுகிறவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. கடதாசிதான் முதலில் வருகிறது. அது கையில் இருந்தால் யோசனை பின்னாலேயே ஓடி வரும்.

அந்த வகையில் பொரளைக்காரர் கொடுத்துவைத்தவர்கள். சந்தியில் லொத்தர்க் கடைகளைச் சுற்றிப் பாருங்கள்: சீட்டிழுப்பு முடிந்ததும் நிலமெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சீட்டுகள். கனத்தை மயானத்துப் பூக்கடைகளில் பளபளக்கும் சுற்றுத்தாளும் நாடாத் துண்டும். 154ஆம் இலக்க பஸ் பிடித்துக் காலி வீதிப் பக்கம் இறங்கினால் வெள்ளவத்தைச் சேலைக்கடை மட்டைப்பெட்டிகள், தையல்காரர் வெட்டிப்போட்ட ஜரிகைக் கரை. மருதானையில் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் அட்டை கழன்ற தேசப்படப் புத்தகம். வெசாக் நெருங்கினால் புறக்கோட்டையில் கூடு கட்டுகிற மெல்லிய வண்ணத் தாள், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் அடியில் இருக்கிற நிறம் மேலே ஊறித் தெரியும். எல்லாவற்றையும் விட எனக்கு ஆசை மூன்று மொழியிலும் அச்சடித்த பொதிகள்மேல். சிங்கள எழுத்தின் உருட்டலையும் தமிழெழுத்தின் மடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டி வைத்துப் பாருங்கள், வாசிக்கவே தோன்றாது, வடிவமாகத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: பஸ்ஸில் மெஷினில் அடித்துத் தருகிற டிக்கெட்டை அப்படியே ஒட்டாதீர்கள். அது சூட்டில் கறுக்கிற தாள், எழுத்து மங்கிப் போய்விடும். போட்டோகொப்பி எடுத்து ஒட்டுங்கள்.

போட்டோகொப்பி என்றதும் என் மிகப் பெரிய பைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய குடும்பப் படம் ஒன்றை லேசர் கொப்பி எடுத்து, அக்ரிலிக் மீடியம் தடவிய மட்டையில் முகங்குப்புற வைத்து, குமிழி இல்லாமல் நீவி, இரவு முழுக்கக் காயவிடுவேன். காலையில் கடதாசியை ஈரப் பஞ்சால் நனைத்து விரல் நுனியால் மெல்ல உருட்ட வேண்டும். வெள்ளை நார் திரிதிரியாகக் கழன்று வரும். முதலில் ஒரு கண் தெரியும். பிறகு மூக்குத்தி. பிறகு சேலைக் கரை. கடதாசி போய்விடும், மை மட்டும் மட்டையில் தங்கிவிடும்! காய்ந்ததும் மறுபடி வெள்ளை பூக்கும். திரும்ப நனைத்து உருட்டினால் சரி. படம் இடம் வலமாக மாறி விழும் என்பதால், எழுத்து இருந்தால் கொப்பிக் கடையிலேயே கண்ணாடிப் பிம்பமாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். எத்தனை தரம் செய்தாலும் அந்தக் கண் தெரிகிற நேரத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பசைக்கு விலை கூடிய போத்தல் தேவையில்லை. ஒரு பங்கு கோதுமை மா, ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் துழாவினால் பளபளவென்று திரளும். பூச்சி அரிக்காமல் இருக்கப் புத்தகம் கட்டுகிறவர்கள் துளி துருசு சேர்ப்பார்கள். துருசு நஞ்சு, ஆகவே சமையல் சட்டி வேண்டாம். பசை பட்ட கடதாசி விரியும். ஒரு நிமிஷம் பொறுத்து ஒட்டினால் சுருக்கம் குறையும். ஒட்டியதை இரண்டு லஞ்ச் ஷீட்டுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றிவிடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் காய நேரம் எடுக்கும், அவசரப்படக் கூடாது.

மனம் சோர்ந்தால் எனக்கு மருந்து நடை தூரத்திலேயே இருக்கிறது. பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் ஜோர்ஜ் கீற் 1939-40இல் வரைந்த புத்தர் வாழ்க்கைச் சித்திரங்களைப் போய்ப் பாருங்கள். ஒரே கோடு ஒருவர் தோளில் புறப்பட்டு மற்றவர் முகமாக முடியும். 1912இல் கியூபிச ஓவியர் பிக்காசோ பிரம்புப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த் துணியை ஓவியத்தில் ஒட்டிக் கயிற்றால் சட்டம் கட்டினார். அந்தக் கியூபிசக் காற்று பொரளை வரைக்கும் வந்து பௌத்த விகாரைச் சுவரில் இறங்கியிருக்கிறது! கீற்றின் தோழர், புகைப்படக்காரர் லயனல் வென்ட் இருட்டறையில் நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படத்தில் இரண்டு உலகம் காட்டியவர். அதுவும் ஒட்டுவேலைதான், பசை இல்லாத ஒட்டுவேலை.

இதெல்லாம் வெளிநாட்டு மோகம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தஞ்சாவூர் ஓவியம் என்ன? பலகை, அதன்மேல் துணி, சுண்ணமும் பசையும் குழைத்த புடைப்பு, கண்ணாடிக் கல், தங்கத் தகடு. ரவிவர்மா அச்சுப் படத்துக் கடவுளருக்கு வீட்டிலேயே ஜரிகையும் ஜிகினாவும் தைத்து உடுத்திய பெண்களை எந்தக் கலைக்கூடம் கணக்கில் எடுத்தது?

ஊக்கம் வற்றாமல் இருக்க என் வழி ஒன்றுதான்: எதையும் முழுசாக முடித்துவிட்டுப் படுப்பதில்லை. ஒரு மூலையை ஒட்டாமல் விட்டுவிடுவேன். காலையில் அது கூப்பிடும். படம் பெரிதாக இருக்கவும் தேவையில்லை, கொப்பி மட்டை அளவு போதும். அதையும் மீறிச் சோர்வு வந்தால் குர்ட் ஷ்விட்டர்ஸை நினைத்துக்கொள்வேன். டிராம் டிக்கெட்டையும் மிட்டாய்த் தாளையும் ஒட்டி உலகப் புகழ் பெற்ற ஜெர்மன்காரர். நாஜிகளிடமிருந்து 1937இல் நோர்வேக்கு ஓடினார், 1940இல் அங்கிருந்தும் பிரித்தானியாவுக்கு ஓடினார். அங்கே மான் தீவு முகாமில் அடைத்தார்கள். பொருள் இல்லாத இடத்தில் காலை உணவுக் கஞ்சியைத் திரட்டிச் சிற்பம் செய்தார். ஹனோவரில் அறை அறையாகக் கட்டிவைத்த அவருடைய பெரும் படைப்பு 1943இல் குண்டுவீச்சில் அழிந்தது. மனுஷன் 1948இல் சாகும் வரை ஒட்டிக்கொண்டுதான் இருந்தார்.

இழந்ததைத் துண்டு துண்டாகத் திரும்பக் கட்டுவது என்றால் என்ன என்று இடம்பெயர்ந்த நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஓவியர் தா. சனாதனனின் ‘முழுமையற்ற தோம்பு’ (தோம்பு என்றால் பழைய காணிப் பதிவேடு) என்ற புத்தகம் 2011இல் வந்தபோது அதைத்தான் செய்தது. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக 80 பேர், விட்டுவந்த வீட்டின் தளப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறினார்கள். அதன்மேல் கட்டடக்கலைஞரின் வரைபு, அதன்மேல் சனாதனனின் சித்திரம், எல்லாம் கந்தோர்க் கோப்பு போல அடுக்கி. அதைப் பார்த்த கையோடு எங்கள் மேல்மாடி அன்ரியிடம் ஒரு சேலைப்பெட்டி மூடியையும் பென்சிலையும் கொடுத்தேன்.

“எனக்கெங்க பிள்ளை கீற வரும்?” என்றவ, மத்தியானம் முழுக்கத் தலை நிமிரவில்லை. நல்லூரில் இருந்த வீடு. விறாந்தை, குசினி, வேலிப் பக்கம் மாமரம்.

இப்போது அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். விறாந்தைக்கு ஜரிகைக் கரை, கூரைக்கு லொத்தர்ச் சீட்டு, மாமரத்துக்கு வெசாக் பச்சைத் தாள். அன்ரி இறங்கி வந்து மேற்பார்வை செய்கிறா: “கிணத்தடி இன்னும் கொஞ்சம் தள்ளி, பிள்ளை. வாழை அந்தப் பக்கம்.” வாழைக்கு இரண்டு பச்சை வேண்டும், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போகிறேன். அன்ரியும் வருகிறாவாம், நிறத்தைத் தானே தெரிவு செய்ய வேண்டுமாம்.