சூசையப்பர் மன்றாட்டு மாலையில் தன்மைப் பன்மை: வழிபாட்டு மொழியும் சமூக எல்லையும்

முன்னுரை

தமிழகக் கத்தோலிக்கரின் பாதுகாவலர் வழிபாடு கொடியேற்றம், தேர்ப்பவனி, நேர்ச்சை, அசனம் ஆகிய சடங்குகளின் வழியாகவே பெரிதும் ஆராயப்பட்டு வந்துள்ளது. அவ்வாய்வுகளுள் பல, புனிதரை ஊர்க்காவல் தெய்வ மரபின் தொடர்ச்சியாகக் காண்கின்றன. சபையார் ஒருங்கே சொல்லும் செபத்தின் மொழி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. புனித சூசையப்பர் மன்றாட்டு மாலையில் சபையார் மறுமொழியாகச் சொல்லும் ‘எங்களுக்காக’ என்னும் பெயரையும் ‘வேண்டிக்கொள்ளும்’ என்னும் வினையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மாலையின் அமைப்பு

திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் 1870இல் சூசையப்பரை அகிலத் திரு அவையின் பாதுகாவலராக அறிவித்தார். அவருக்குரிய மன்றாட்டு மாலைக்குப் பத்தாம் பயஸ் 1909இல் ஒப்புதல் அளித்தார். 2021 மே 1 அன்று அதில் ஏழு புதிய விளிகள் சேர்க்கப்பட்டன. ஒருவர் புனிதரின் சிறப்புப் பெயர்களை ஒவ்வொன்றாக விளித்துச் சொல்ல, சபையார் மாறாத மறுமொழி தருவர். தொழிலாளர், இறக்கும் தறுவாயில் உள்ளோர், நாடு கடத்தப்பட்டோர், ஏழையர் என விளிகள் சபைக்கு வெளியே விரிந்து செல்கின்றன. மறுமொழியோ ஒவ்வொரு முறையும் ‘எங்களுக்காக’ என்றே முடிகிறது. விளியில் சுட்டப்படும் பிறர், மறுமொழியில் ‘எங்களுள்’ அடங்கிவிடுகின்றனர்.

பெயரும் வினையும்

இலத்தீனில் இவ்விடத்தில் வரும் ‘நோபிஸ்’ என்னும் சொல் முன்னிலையாரை உளப்படுத்துகிறதா இல்லையா என்பதைக் காட்டுவதில்லை. தமிழோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய மொழி. ‘நமக்காக’ என்றிருந்தால் புனிதரும் அத்தொகுதியுள் அடங்குவார்; ‘எங்களுக்காக’ என்பது அவரை அதற்கு வெளியே நிறுத்துகிறது. ஆயினும் வினை வேறொன்றைச் செய்கிறது. ‘காப்பாற்றும்’ என்றோ ‘தாரும்’ என்றோ கேளாமல் ‘வேண்டிக்கொள்ளும்’ என்கிறது. வேண்டுதல் என்பது சபையார் அக்கணத்தில் செய்துகொண்டிருக்கும் செயலே ஆகும். அதையே புனிதரும் செய்யுமாறு கேட்கப்படுகிறார். பெயர் பிரித்து நிறுத்திய புனிதரை வினை உடன்வேண்டுநராக அருகே கொணர்கிறது. காவல் தெய்வத்திடம் காப்பையே கேட்பர். இங்குக் கேட்கப்படுவது பரிந்துரை. சடங்கில் புலப்படும் ஒப்புமையை மட்டும் கொண்டு இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது.

‘எங்கள்’ யார்?

‘எங்கள்’ என்னும் சொல் விலக்கும் தரப்பு, அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அண்டை வீட்டாரை நோக்கி ‘எங்கள் கோயில்’ என்றால் விலக்கப்படுபவர் அண்டை வீட்டார். புனிதரை நோக்கி ‘எங்களுக்காக’ என்றால் விலக்கப்படுபவர் புனிதர் ஒருவரே. உடன் நிற்பவர் எவரும் அல்லர்.

இவ்வேறுபாட்டின் சமூக முக்கியத்துவத்தை வடக்கன்குளம் உணர்த்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கு எழுப்பப்பட்ட திருக்குடும்ப ஆலயம், வேளாளரும் நாடாரும் தனித்தனிப் பகுதிகளில் நின்று ஒரே பலிபீடத்தை நோக்கி வழிபடுமாறு அமைந்திருந்தது. இடைச்சுவர் 1910இல் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இவ்வரலாற்றை விரிவாக எடுத்துரைக்கிறது. சூசையப்பரும் இடம்பெறும் திருக்குடும்பத்தின் பெயரால் அமைந்த ஆலயத்திலேயே, பீடத்தை நோக்கிய ‘எங்கள்’ அண்டையாரை நோக்கிய ‘எங்களாக’த் திரிந்து நின்றது.

முடிவுரை

செபத்தின் இலக்கணம் தானாகவே சுவரை இடிப்பதில்லை. வடக்கன்குளத்தில் அது இடிக்கப்பட்டதும் செபத்தால் அன்று. எனினும் சுவருக்கு அச்செபத்தில் இடமில்லை என்பதை மறுமொழியின் அமைப்பு காட்டுகிறது. பாதுகாவலர் விழாக்களில் சாதியுரிமை கோருவோரும் அவ்வுரிமையை எதிர்ப்போரும் ஒரே மறுமொழியையே சொல்கின்றனர். ஆகவே விழாவைச் சாதி அடையாளத்தின் வெளிப்பாடாக விளக்கும் ஆய்வு, அவ்விழாவில் ஒலிக்கும் சொற்களையும் சான்றாகக் கொள்ள வேண்டும். வழிபடுவோரின் நடத்தையை அவர்தம் செபத்தைக் கொண்டே மதிப்பிடும் அளவுகோல் அச்சொற்களில் உள்ளது.