சூடுபட்ட நாக்கு

பண்டைய இந்தியாவின் கல்வி, பண்பாடு என்று யாராவது பேச ஆரம்பித்தால் இரண்டு விஷயங்கள் தவறாமல் வந்துவிடும். ஒன்று தட்சசீலம். உலகமே இருட்டில் கிடந்தபோது நாங்கள் பல்கலைக்கழகம் வைத்திருந்தோம் என்பார்கள். இன்னொன்று சத்தியகாமன் கதை. அப்பன் பேர் தெரியாத பையனைக்கூடச் சீடனாகச் சேர்த்துக்கொண்ட மரபு எங்களுடையது, சாதியெல்லாம் பின்னால் வந்த சீரழிவு என்பார்கள். இதைக் கேட்டு மண்டபத்தில் கைதட்டல் விழும். நம் மாணவர்களும் சில சமயம் தட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தட்சசீலத்துக்கு நம்ம ஆளுக ரெண்டு பேர் படிக்கப் போன கதை ஒன்று இருக்கிறது. அதை எந்த மேடையிலும் சொல்வதில்லை.

புத்த ஜாதகக் கதைகள் மொத்தம் 547. அதில் 498ஆவது சித்த சம்பூத ஜாதகம். அவந்தி நாட்டு உஜ்ஜயினிக்கு வெளியே ஒரு சண்டாளர் குடியிருப்பு. ஊருக்கு வெளியே என்பதை எந்த இந்தியக் கதைசொல்லியும் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை, அது தானாகவே வந்து விழுந்துவிடும். அங்கே சித்தன், சம்பூதன் என்று இரண்டு பேர். அக்கா தங்கச்சி பிள்ளைகள். தங்கள் சாதிக்கென்று இருந்த ஒரு வித்தையை நகரத்து வாசலில் காட்டிப் பிழைக்கிறார்கள். ஒருத்தன் வடக்கு வாசல், இன்னொருத்தன் கிழக்கு வாசல். அந்த வழியாக ஒரு வணிகன் மகளும் ஒரு புரோகிதன் மகளும் சோறு, தின்பண்டம், மாலை எல்லாம் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். வித்தை காட்டுகிறவர்கள் யாரென்று கேட்கிறார்கள். சண்டாளர் என்று தெரிந்ததும், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டோம் என்று வாசனைத் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தப் பெண்கள் செய்தது அவ்வளவுதான். அவர்கள் கை ஓங்கவில்லை. அடித்தது கூடவே வந்த கூட்டம். காசில்லாமல் சோறும் கள்ளும் கிடைக்கும் என்று பின்னாலேயே வந்த ஜனம் அது. இவன்களால் அல்லவா நமக்குச் சோறு போச்சு என்று சொல்லி, நினைவு தப்பும் வரை அடித்துப் போடுகிறது. தீட்டு என்பது ஒருத்தருடைய கண்ணில் பிறந்து இன்னொருத்தருடைய கையில் அடியாக இறங்குகிறது. கண்ணைக் கழுவுகிறவர் வீட்டுக்குள் போய்விடுவார். தெருவில் நிற்பது அடிக்கிறவனும் அடிபடுகிறவனும்தான். இரண்டு பேருமே பசித்தவர்கள். சாதிக் கலவரம் என்று நம் காலத்தில் பேர் வைக்கப்பட்ட பலவற்றின் இலக்கணத்தை இந்தக் கதை இத்தனை நூற்றாண்டுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறது.

நினைவு திரும்பிய இரண்டு பேரும் யோசிக்கிறார்கள். நம்ம பிறப்பாலதானே இந்த அடி, பிறப்பை மறைச்சிட்டுப் போய்ப் படிப்போம் என்று முடிவு செய்கிறார்கள். பிராமணப் பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு தட்சசீலத்தில் ஒரு பெரிய ஆசிரியரிடம் சேர்கிறார்கள். சித்தனுக்குப் படிப்பு நன்றாக வருகிறது, சம்பூதனுக்கு அவ்வளவாக வரவில்லை. ஒருநாள் ஒரு கிராமத்துக்காரன் ஆசிரியரை ஓதுவதற்கு அழைக்கிறான். ராத்திரி பெய்த மழையில் வழியெல்லாம் வெள்ளம். ஆசிரியரால் போக முடியவில்லை. மற்ற மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நீ போய் மங்கலம் சொல்லிவிட்டு வா என்று சித்தனை அனுப்புகிறார். ஆக, அன்றைக்கு ஆசிரியரின் இடத்தில் நின்றவன் சேரியில் பிறந்த சித்தன்.

போன இடத்தில் பாயசம் போடுகிறார்கள். ஆறியிருக்கும் என்று நினைத்துச் சம்பூதன் ஒரு கவளம் எடுத்து வாயில் போடுகிறான். பழுக்கக் காய்ச்சின இரும்பாகச் சுடுகிறது. தன்னை மறந்து, சித்தனைப் பார்த்து, சண்டாளர் பாஷையில் சுடுதென்று சொல்லிவிடுகிறான். சித்தனும் தன்னை மறந்து அதே பாஷையில் துப்பு, துப்பு என்கிறான். கூட இருந்த மாணவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள், இது என்ன பாஷை? சாப்பாடு முடிந்து சித்தன் மங்கலம் சொல்கிறான். வெளியே வந்ததும் மற்றவர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். அது சண்டாளர் பேச்சு என்று கண்டுபிடிக்கிறார்கள். அப்புறம் என்ன, அடி. துரத்தல்.

இது நடந்த சம்பவம் என்று நான் வாதாடவில்லை. ஜாதகங்களின் உரைநடைப் பகுதி, பாடல்களுக்குப் பிற்பாடு சேர்ந்தது. இன்றைய வடிவத்தைச் சுமார் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் பெற்றதாகக் கருதப்படுகிறது. நடந்ததோ இல்லையோ, கேட்டவர்கள் இதை நம்பியிருக்கிறார்கள். நாக்கை வைத்துச் சாதியைக் கண்டுபிடிக்கலாம் என்பது அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத விஷயமாக இருந்திருக்கிறது. அந்த ஓரிரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை பாட்டு, எத்தனை கதை, எத்தனை வசவு, எத்தனை தாலாட்டு இருந்திருக்கும்! அதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. சுட்ட வாயிலிருந்து தவறி விழுந்ததை மட்டும் பிரதி பொறுக்கி வைத்திருக்கிறது, அதுவும் குற்றத்துக்குச் சாட்சியாக.

இப்போது சத்தியகாமனிடம் வருவோம். சாந்தோக்கிய உபநிடதத்தில் வருகிற கதை. தன் கோத்திரம் எதுவென்று அம்மா ஜபாலாவிடம் கேட்கிறான். இளமையில் பல இடத்தில் வேலை செய்து திரிந்தபோது உன்னைப் பெற்றேன், கோத்திரம் எனக்குத் தெரியாது என்கிறாள் அவள். அதை அப்படியே போய் ஆசிரியர் கௌதமரிடம் சொல்கிறான். அவர் சேர்த்துக்கொள்கிறார். இதைத்தான் சாதி பார்க்காத பெருந்தன்மை என்று உரை சொல்கிறார்கள். பிரதியைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. உன் பிறப்பு எதுவானால் என்ன, வந்து படி என்று அவர் சொல்லவில்லை. பிராமணன் அல்லாதவனால் இப்படிப் பேச முடியாது என்கிறார். உண்மையைப் பேசினான், அதனால் பிராமணன். பிராமணன், அதனால் சேர்த்துக்கொண்டார். சாதி கழன்று விழவில்லை. உண்மை என்ற குணம் ஒரு சாதியின் சொத்தாகப் பதிவாகிவிட்டது.

இரண்டு கதையிலும் பரீட்சை வைக்கப்படுவது நாக்குக்குத்தான். ஒருத்தன் நாக்கு அவனைப் பிராமணன் ஆக்குகிறது. மற்றவர்கள் நாக்கு அவர்களைச் சண்டாளர் என்று காட்டிக்கொடுக்கிறது. சத்தியகாமன் உண்மை சொன்னான், சித்தனும் சம்பூதனும் பொய் சொன்னார்கள், இதுதானே வித்தியாசம் என்று நீதி சொல்ல வருகிறவர்கள் உண்டு. அவர்களைக் கேட்க வேண்டும்: உண்மையைச் சொன்ன இடத்தில் இவர்களுக்குக் கிடைத்தது என்ன? வாசலில் யாரென்று கேட்டபோது கிடைத்த பதில் உண்மையான பதில்தான். அதற்குத்தான் அடி விழுந்தது. உண்மை பேசுவதற்கும் ஒரு வசதி வேண்டும். அந்த வசதி எல்லாருக்கும் பிறப்பில் கிடைப்பதில்லை.

சூத்திரன் வேதத்தைக் கேட்டால் காதில் உருக்கி ஊற்று, ஓதினால் நாக்கை அறு என்று கௌதம தர்மசூத்திரம் விதிக்கிறது. மனு தன் பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளனை ஊருக்கு வெளியே வைத்து, பிணத்தின் துணியை உடுக்கச் சொல்லி, உடைந்த சட்டியில் சோறு போடச் சொல்கிறது. சீனாவிலிருந்து கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாகியான், சண்டாளர் நகரத்துக்குள் வரும்போது கட்டையைத் தட்டிக்கொண்டு வர வேண்டியிருந்ததை எழுதி வைத்தார். காது, நாக்கு, உடுப்பு, நடக்கிற சத்தம் என்று ஒரு உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து வேலி போட்டிருக்கிறார்கள். சட்டத்தின் மொழியில் இருந்ததை ஜாதகம் அனுபவத்தின் மொழியில் சொல்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சண்டாளர்தான் இன்றைய தலித்துகள் என்று நான் கணக்குப் போடவில்லை. அம்பேத்கரே 1948இல் வந்த தன் நூலில், அசுத்தர் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் தீண்டப்படாதவர்களையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல் பிரித்துத்தான் பேசுகிறார். தீண்டாமை சுமார் கி.பி. 400 வாக்கில் உருவானது என்பது அவர் வந்த முடிவு. பாகியான் சொன்ன சண்டாளர் செய்தியை மட்டும் வைத்து அவர் தீர்ப்பு எழுதவில்லை. நம்ம ஆளுக என்று நான் சொல்வது ரத்த உறவை வைத்து இல்லை. அடி வாங்கிய காரணத்தை வைத்துச் சொல்கிறேன்.

சரி, ஜாதகம் பௌத்தக் கதைதானே, நம் பக்கம்தானே நிற்கும் என்று நினைத்தால், அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. துரத்தப்பட்ட இரண்டு பேரும் காட்டுக்குப் போய்த் துறவியாகிறார்கள். செத்து, நேரஞ்சரை ஆற்றங்கரையில் மானாகப் பிறக்கிறார்கள். வேடன் கொல்கிறான். நர்மதைக் கரையில் பறவையாகப் பிறக்கிறார்கள். மறுபடியும் வேடன். அதற்கப்புறம்தான் சித்தன் புரோகிதன் மகனாகவும் சம்பூதன் அரசன் மகனாகவும் பிறக்கிறார்கள். இந்தச் சித்தன் வேறு யாருமில்லை, போதிசத்துவரே. சேரியில் போதிசத்துவரைப் பிறக்க வைக்கிற துணிச்சல் இந்தக் கதைக்கு இருக்கிறது. அதே சேரிக்காரனாக அவரைப் படிப்பை முடிக்க வைக்கிற துணிச்சல் இல்லை. படிப்பதற்கு மூன்று தடவை பிறக்கணும்னா அது என்ன விடுதலை?

ஆனால் அதே பௌத்தத்துக்குள் இன்னொரு குரலும் கேட்கிறது. தேரகாதையில் சுனீதர் தன் கதையைத் தானே சொல்கிறார். தாழ்ந்த குடி, வறுமை, வாடிய பூவை அள்ளிக் கொட்டுகிற வேலை, பார்த்தவர்களிடமெல்லாம் ஏச்சு. மகதத்தின் நகருக்குள் புத்தர் பிக்குகளோடு வருவதைப் பார்த்ததும் தோளிலிருந்த காவடித்தண்டைக் கீழே போட்டுவிட்டு நேராக அவரிடம் போகிறார். வா பிக்குவே என்கிறார் புத்தர். பிறப்பை மறைக்கவில்லை, பேரை மாற்றவில்லை, செத்துப் பிறக்கவில்லை. அந்த இடத்திலேயே, அந்த உடம்போடு சங்கத்துக்குள் போகிறார். இங்கேயும் நாம் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட வேண்டியதில்லை. உயர்ந்த நிலையைச் சொல்ல வந்த புத்தர்கூட, தவத்தாலும் அடக்கத்தாலும் ஒருவன் பிராமணன் ஆகிறான் என்றுதான் அந்தப் பாட்டில் பேசுகிறார். உயர்வுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. இருந்தாலும் கதவு இந்தப் பிறவியிலேயே திறந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசரும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கரும் எடுத்துக்கொண்டது இந்தப் பௌத்தத்தை. அடுத்த பிறவிக்குத் தள்ளிப்போடுகிற பௌத்தத்தை அவர்கள் தொடவில்லை.

அதனால் பழைய பிரதிகளை மொத்தமாகக் கொளுத்து என்றோ மொத்தமாகக் கொண்டாடு என்றோ சொல்வது நமக்கு உதவாது. ஒரே மரபுக்குள் எந்த வரி நமக்குக் கதவு, எந்த வரி பூட்டு என்று தட்டிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. தட்சசீலத்தின் பெருமையைச் சொல்கிறவர்கள் அந்தப் பாயசத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பந்தி இன்னும் கலையவில்லை. 2016இல் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலாவும், 2019இல் மும்பையில் ஆதிவாசி மருத்துவரான பாயல் தட்வியும் உயர்கல்வியின் அந்தப் பந்தியிலிருந்துதான் எழுந்து போனார்கள். நேர்முகத் தேர்வில் எந்த ஊர், எந்தத் தெரு என்று சிரித்துக்கொண்டே கேட்கிறவன் தேடுவதும் அந்த ஒரு சொல்லைத்தான். நம் பிள்ளைகள் வகுப்பில் வாயைத் திறக்கத் தயங்குவதும், வீட்டிலிருந்து போன் வந்தால் வராந்தாவுக்கு ஓடிப்போய்க் குரலைத் தணித்துப் பேசுவதும் அந்தச் சொல் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான்.

கதையில் எல்லாரும் தாண்டிப்போகிற ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. சித்தனுக்கு வாய் சுடவில்லை. அவன் பத்திரமாக இருந்தான். படிப்பில் முந்தி நின்றவன், அன்றைக்கு எல்லாருக்கும் தலைமை. அவன் பேசாமல் இருந்திருந்தால், அல்லது சுத்தமான பாஷையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். தம்பிக்கு வாய் வெந்துபோச்சேன்னு பதறினதில் அம்மா பாஷை வந்துவிட்டது. அவன் கற்ற மங்கலச் சொற்கள் எல்லாவற்றையும்விட அந்தச் சொல்லில்தான் ஈரம் இருந்தது. மற்ற மாணவர்கள் காதில் அது சாதியாக விழுந்தது. 1992இல் பாமா 'கருக்கு' நாவலைத் தெருப் பேச்சிலேயே எழுதியபோது, இதெல்லாம் இலக்கிய பாஷையா என்று முகம் சுளித்தவர்கள் அந்த மாணவர்களின் வாரிசுகள். வாய் தவறி வந்ததற்கு அன்றைக்கு அடி விழுந்தது. இன்றைக்கு அதைத் தெரிந்தே எழுதுகிறோம், அச்சடிக்கிறோம், நம்ம ஆளுக்கு நம்ம ஆளு சத்தமாகச் சொல்கிறோம்: சுடுதா? துப்பு.