புலம்பல் நூலின் நடுவில் நிற்கும் நம்பிக்கை

நம் சபைகளின் அடக்க ஆராதனைகளில் புலம்பல் மூன்றாம் அதிகாரத்தின் 22, 23ஆம் வசனங்களைப்போல் அடிக்கடி எடுத்தாளப்படும் திருமறைப் பகுதிகள் சிலவே. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளிலும் சுவர் நாட்காட்டிகளிலும் அவை தவறாமல் இடம்பெறுகின்றன. ஆயினும் அவற்றுக்கு நான்கே வசனங்களுக்கு முன்னர், கர்த்தர்மேல் தான் வைத்திருந்த நம்பிக்கை அழிந்தொழிந்தது என்று அதே மனிதன் கூறுகிறான் (3:18). அதை அருளுரைப் பீடத்திலிருந்து வாசிக்கக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? ஒரு நூலின் நடுவிலிருந்து இரண்டு வசனங்களைப் பெயர்த்தெடுத்து, ஏனையவற்றை மூடிவைத்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. அப்பழக்கம் துயருற்றோருக்கு நன்மை செய்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கேள்வி எனக்குச் சொந்தமானதன்று. பல ஆண்டுகளுக்கு முன் சிற்றூர்ச் சபையொன்றில் ஏழு வயதுச் சிறுவனின் அடக்க ஆராதனையில் இவ்வசனங்களின்மீது நான் அருளுரை நிகழ்த்தினேன். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில் அச்சிறுவனின் பாட்டி என் அருகில் வந்து, “ஐயா, நாம அழிஞ்சு போகாம இருக்கிறது கிருபைன்னு சொன்னீங்க. அப்போ எம் பேரனுக்கு அந்தக் கிருபை இல்லையா?” என்று கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. ஜெபிப்போம் அம்மா என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்த மூதாட்டி திருமறையை என்னைவிடக் கவனமாகக் கேட்டிருந்தார் என்பதை உணர எனக்கு நெடுங்காலம் பிடித்தது.

நூலின் அமைப்பை முதலில் நோக்குவோம். கி.மு. 587இல் (586 என்போரும் உளர்) பாபிலோனியர் எருசலேமை அழித்ததை ஒட்டி எழுந்தவை இந்த ஐந்து பாடல்கள். எபிரேயத் திருமறை இந்நூலுக்கு ஆசிரியர் பெயர் சொல்வதில்லை. எரேமியாவின் பெயர் கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாக வந்து சேர்ந்தது. முதல் நான்கு பாடல்களும் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துக்களை வரிசையாகக் கொண்டு தொடங்கும் பத்திகளால் ஆனவை. ஆத்திசூடியை மனனம் செய்து வளர்ந்த நமக்கு இவ்வமைப்பு புதிதன்று. ஒளவையார் அறத்தைச் சொல்லக் கையாண்ட முறையை இப்புலவர் அழுகைக்குக் கையாண்டார். முதல் எழுத்திலிருந்து இறுதி எழுத்துவரை, ஒன்றையும் விடாமல் அழுது தீர்க்க வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். 1882இல் கார்ல் புட்டே இப்பாடல்களின் ஓசையை ஆராய்ந்து, வரியின் முற்பகுதி நீண்டும் பிற்பகுதி குறுகியும் வருவதை எடுத்துக்காட்டினார். நொண்டி நடப்பவனின் நடை அது.

மொழிபெயர்ப்பில் மறைந்துவிடும் செய்தி ஒன்று இங்கு உண்டு. முதலிரண்டு பாடல்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் மூன்று வரிகள் உள்ளன. மூன்றாம் பாடலில் அம்மூன்று வரிகளும் அதே எழுத்தில் தொடங்குகின்றன. அறுபத்தாறு வசனங்கள் வருவது அதனாலேயே. நான்காம் பாடலில் எழுத்துக்கு இரண்டே வரிகள். ஐந்தாவதில் இருபத்திரண்டு வசனங்கள் இருந்தும் எழுத்து வரிசை இல்லை. வசனத்துக்கு ஒரே வரி. அதாவது, நம்பிக்கை பேசப்பட்ட பின்னர் பாடல் ஓங்கி வளரவில்லை. மூச்சுக் குறுகி, ஒழுங்கும் குலைந்து, தேய்கிறது. மூன்றாம் அதிகாரத்தை மலையுச்சி என்றும் அங்கே நூல் முடிந்தாற்போலவும் உரை எழுதுவோர் இத்தேய்வுக்கு என்ன விளக்கம் தருவர்? கிளாஸ் வெஸ்டர்மன் 1990இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தார். மூன்றாம் அதிகாரத்துக்கு அளவுக்கு மிஞ்சிய இடம் கொடுத்ததால் ஏனைய அதிகாரங்களின் புலம்பல் செவிமடுக்கப்படவில்லை என்பது அவர் குறை. குறை நியாயமானதே. ஆனால் அவ்வதிகாரத்தைப் பிற்காலச் சேர்க்கையென்று ஓரத்தில் வைப்பதும் நூலைக் குறைத்து வாசிப்பதே என்று எனக்குத் தோன்றுகிறது. நம்பிக்கை நூலில் இருக்கிறது, நடுவில் இருக்கிறது. இறுதியில் இல்லை என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது.

அந்த நடுவிடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நம்பிக்கை அழிந்தது என்று 18ஆம் வசனத்திலும், ஆகையால் நம்பிக்கை கொண்டிருப்பேன் என்று 21ஆம் வசனத்திலும் கூறப்படுகின்றன. இரண்டிடத்திலும் எபிரேயத்தில் காத்திருத்தலைக் குறிக்கும் ஒரே வினையடி வருகிறது. அழிந்துபோனது எதுவோ அதுவே மீண்டும் கையில் எடுக்கப்படுகிறது. இடையே நகரில் எதுவும் மாறவில்லை: மதில் எழும்பவில்லை, இறந்தோர் திரும்பவில்லை, எதிரி விலகவில்லை. அம்மனிதன் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவருகிறான், அவ்வளவே. அந்நம்பிக்கையும் நிலைத்த தளமாக அவனுக்கு அமையவில்லை. 42ஆம் வசனத்திலேயே, நீர் மன்னிக்கவில்லை என்று இறைவனை நோக்கிக் கூறுகிறான். ஜெபம் நுழைய முடியாதபடி இறைவன் மேகத்தால் தம்மை மூடிக்கொண்டார் என்று 44ஆம் வசனம் முறையிடுகிறது. அவர் பரத்திலிருந்து நோக்கிப் பார்க்கும்வரை கண்ணீர் ஓயாது என்கிறது 50ஆம் வசனம். விசுவாசி அழுகையை விட்டு நம்பிக்கைக்கு ஏறிச் செல்கிறான் என்ற நம் வழக்கமான அருளுரைப் படிக்கட்டு இங்கே இல்லை.

இனி அந்த மூதாட்டியின் கேள்வி. 22ஆம் வசனத்தின் எபிரேய மூலத்தில் உள்ள வினைச்சொல், ‘நாம்’ அழியவில்லை என்று தன்மைப் பன்மையில் அமைந்துள்ளது. நம் பழைய தமிழ்த் திருப்புதல் அதனையே பின்பற்றி, நாம் அழியாதிருப்பதற்குக் கர்த்தரின் கிருபையே காரணம் என்ற பொருளைத் தருகிறது. சீரிய மொழிபெயர்ப்பும் அரமேயத் தர்கூமும் வேறு பாடத்துக்குச் சான்று பகர்கின்றன: ஓய்ந்துபோகாதவை கர்த்தரின் பேரன்புச் செயல்களே. ஓர் எழுத்தின் வேறுபாடு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இப்பொருளையே ஏற்றது. பத்தியின் பிற்பகுதி இரக்கங்களுக்கு முடிவில்லை என்று இணையாகக் கூறுவதால் இரண்டாம் பாடமே பொருந்துமென்பது என் கருத்து. முதற்பாடம் பிழைத்தவனின் நன்றியாக மட்டும் ஒலிக்கக்கூடும். 2004 டிசம்பர் 26க்குப் பின் கடலோரத்துச் சபைகளில் இவ்வசனத்தைச் சாட்சியாகச் சொன்னோர் மனமார நன்றி கூறினர். அருகே பிள்ளையை இழந்து அமர்ந்திருந்தவர் காதில் அது எவ்வாறு விழுந்திருக்கும்? இரண்டாம் பாடத்தில் பிழைத்தோரும் மாண்டோரும் ஒரே பேரன்புக்குள் நிற்கின்றனர். அன்று நான் அந்த மூதாட்டிக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே.

ஆனால் விடை மட்டும் போதுமா? முதல் அதிகாரம் சீயோனைக் கணவனை இழந்த பெண்ணாகக் காட்டி, அவளுக்குத் தேற்றுவார் இல்லை என்பதை ஐந்து முறை சொல்கிறது (1:2, 9, 16, 17, 21). அங்கு அவளைக் குறித்துப் பேசும் புலவர் தொலைவில் நிற்கிறார். அவள் பாவத்தையும் எடுத்துச் சொல்கிறார். இரண்டாம் அதிகாரத்தின் 11ஆம் வசனத்தில் அவர் குரல் உடைகிறது. தெருக்களில் குழந்தைகள் சோர்ந்து விழுகின்றனர். தாயின் மடியில் உணவு கேட்டபடியே உயிர்விடுகின்றனர். அதுவரை அவளைப் பற்றிப் பேசியவர் 13ஆம் வசனத்தில் அவளை நோக்கிப் பேசத் தொடங்குகிறார்: உன் துயருக்கு எதை ஒப்பிடுவேன், உன் முறிவு கடலைப்போல் பெரிது என்கிறார். தேற்றுவதற்கு ஒப்புமை தேடி, ஒப்புமை இல்லையென ஒப்புக்கொள்ளும் இவ்விடத்தில்தான் ஆயர்ப்பணி தொடங்குகிறது. இறைவன் இந்நூலில் நேரே பேசுவதில்லை. அவர் முன்பு சொன்ன ‘அஞ்சாதே’ என்ற ஒரு சொல் நினைவாக மட்டும் வருகிறது (3:57). புலவரின் கண்ணீரே அம்மௌனத்தில் சீயோனுக்குக் கிடைத்த துணை.

தமிழ் மரபு இதை அறியாததன்று. புறநானூற்றின் கையறுநிலைப் பாடல்கள், பாரியை இழந்த மகளிரின் பாடல் உட்பட, ஆறுதலைத் தேடி ஓடாமல் இழப்பை இழப்பாகவே சொல்லி நிற்பவை. ஒப்பாரி அம்மரபின் வீட்டு வடிவம். நம் சபைகள் பலவற்றிலோ அது அவிசுவாசத்தின் அடையாளமெனக் கருதப்பட்டு அடக்கப்பட்டது. பெண்களின் குரல் எழும்போதே கீர்த்தனையைத் தொடங்கி அமர்த்திவிடுவதும் உண்டு. எரேமியா ஒன்பதாம் அதிகாரத்தில் புலம்பற்பெண்களை அழைத்துவரும்படி கட்டளையிடுபவர் கர்த்தரே என்பதும், புலம்பலைத் தங்கள் மகள்களுக்குக் கற்பிக்கும்படி அப்பெண்களுக்குச் சொல்லப்படுகிறது என்பதும் நமக்கு மறந்துபோயின. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதையும் (1 தெச. 4:13) அழக்கூடாது என்பதற்கு மேற்கோளாக்குகிறோம். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றாரேயன்றி, துக்கிக்கவே வேண்டாம் என்றாரில்லை.

தேற்றுவாரில்லை என்ற ஐந்து முறையீட்டுக்கும் திருமறையில் பதில் உண்டு. ஏசாயா நாற்பதாம் அதிகாரம் ‘ஆற்றுங்கள்’ என்ற சொல்லை இரட்டித்துத் தொடங்குகிறது. புலம்பல் 5:20இல் மறந்தீரோ, கைவிட்டீரோ என்று கேட்ட அவ்விரு வினைகளையே ஏசாயா 49:14 சீயோனின் வாயில் மீண்டும் வைத்து, தாயினும் மறவாத அன்பை அடுத்த வசனத்தில் விடையாகத் தருகிறது. ஆயினும் அவ்விடை ஒரு தலைமுறை கழித்து, வேறொரு நூலில் வருகிறது. புலம்பலின் ஏட்டில் அதை எழுதிச் சேர்க்க எவரும் துணியவில்லை.

அவ்விடையின் நிறைவைக் கிறிஸ்துவில் காண்கிறோம் என்பது நம் அறிக்கை. அவரோ இலாசருவை எழுப்பப் போவதை அறிந்தும் கல்லறைக்குமுன் கண்ணீர் விட்டார். சிலுவையில் அவர் எழுப்பிய கூக்குரல் 22ஆம் சங்கீதத்தினது; அதன் எபிரேயத்தில் உள்ள ‘கைவிடுதல்’ என்னும் வினை, சீயோன் புலம்பல் 5:20இல் கேட்ட அதே வினையாம். கேள்விக்கு மேலிருந்து விடையளிப்பவராக அன்றி, கேட்பவரின் பக்கத்தில் நின்று அதைக் கேட்பவராக அவர் வந்தார். உயிர்த்தெழுந்தபோதும் காயங்களோடு எழுந்தார். பெத்லெகேமின் குழந்தைகளுக்காக மத்தேயு எரேமியாவை எடுத்தாளும்போது, ஆறுதலடைய மறுக்கும் ராகேலோடு நிறுத்திக்கொள்கிறார், மூலத்தில் அடுத்தே வரும் ஆறுதல் வசனங்களை (எரே. 31:16, 17) அவர் சேர்க்கவில்லை. நற்செய்தியாளர் ஒருவரே இத்தகைய பொறுமை காட்டியிருக்க, ஆயர்களாகிய நமக்கு ஏன் இத்தனை அவசரம்?

புதுப்பித்தலைக் குறிக்கும் எபிரேயச் சொல் புலம்பலில் இரண்டிடங்களில் வருகிறது. காலைதோறும் இரக்கங்கள் புதியவை என்பது 3:23இல் அறிக்கை. எங்கள் நாட்களை முன்போலப் புதுப்பியும் என்பது 5:21இல் மன்றாட்டு. அறிக்கை செய்தபின்னும் மன்றாட வேண்டியிருக்கிறது. மன்றாட்டுக்குப் பின்னும், முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்ற ஐயம் எஞ்சுகிறது. அவ்வையத்தோடேயே நூல் நின்றுவிடுகிறது (5:22). ஆபு மாதம் ஒன்பதாம் நாளில், ஆலயத்தின் அழிவை நினைந்து, யூதர் தொழுகைக்கூடங்களில் இந்நூலை வாசிக்கின்றனர். இறுதி வசனத்தோடு வாசிப்பை முடிக்க அவர்களுக்கும் மனம் வருவதில்லை. அதற்காக அவர்கள் மூன்றாம் அதிகாரத்துக்குத் திரும்புவதில்லை. ஒரே ஒரு வசனம் பின்சென்று, எங்கள் நாட்களைப் புதுப்பியும் என்ற மன்றாட்டைச் சபையாகச் சேர்ந்து மீண்டும் ஒருமுறை சொல்லி எழுகின்றனர்.