அடி எடுத்து வைத்தால் வெளிச்சம்

கரண்ட் போனதும் எங்கள் வீட்டில் முதலில் எழும் குரல், "அந்த டார்ச்சை எங்கே வெச்சேள்?" டார்ச் இருக்கும், கிடைக்காது. கிடைத்தால் செல் கசிந்து ஸ்பிரிங் பச்சை பூத்திருக்கும். எமர்ஜென்சி லைட் மூன்று மாதமாகச் சார்ஜ் காணாமல் பரணில் தூங்கும். மெழுகுவத்தி அகப்பட்டால் தீப்பெட்டி நமுத்திருக்கும். சென்னை மந்தைவெளியில் இந்த நாடகத்தை இருபத்தைந்து வருஷம் தவறாமல் நடத்தியிருக்கிறோம். அதை நிறுத்தியது ஸ்கேல் கட்டை அளவுக்கு ஒரு குச்சி விளக்கு!

சார்ஜ் போட்டுக்கொள்ளும் மோஷன் சென்சார் லைட். இருட்டில் ஆள் நடமாடினால் தானே எரியும், இருபது விநாடி கழித்துத் தானே அணையும். "இதுக்கா இந்தக் குதி குதிக்கறே?" என்று அடையாறில் இருக்கும் என் தங்கை கேட்டாள். இப்போது அவள் வீட்டில் ஆறு இருக்கிறது.

வர்தா புயல் ஞாபகம் இருக்கிறதா? 2016 டிசம்பர் 12. காற்று ஓய்ந்தபோது எங்கள் தெருவில் இரண்டு மரங்கள் கம்பியையும் இழுத்துக்கொண்டு சாய்ந்து கிடந்தன. மூன்று ராத்திரி கரண்ட் இல்லை. பண மதிப்பிழப்பு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் இருந்த ஒரே 2,000 ரூபாய் நோட்டை மெழுகுவத்திக்கு நீட்டினால் கடைக்காரர் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கடனுக்கே கொடுத்தார், மகராசன். மூன்றாம் ராத்திரி அம்மா பாத்ரூமுக்குப் போகும்போது வாசற்படி தடுக்கி விழுந்தாள். நல்லவேளை, முட்டி வீக்கத்தோடு போயிற்று. மெழுகுவத்தி அப்போது கூடத்தில் டம்ளர் மேல் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

முதலில் நான் வாங்கியது தப்பான சரக்கு. ரிமோட்டுக்குப் போடுவோமே, அந்தச் சின்ன பேட்டரி மூன்று கேட்கும் விளக்கு. மாதா மாதம் பேட்டரி வாங்கி மாளவில்லை. பிறகு ரிச்சி தெருவில் ஒரு பையன்தான், "டைப்-சி சார்ஜிங் வாங்குங்க சார், போன் ஒயரே போதும்" என்றான். அதையே வாங்கினேன். பின்பக்கம் காந்தம். சுவரில் ஒரு தகடை ஒட்டிவிட்டால் அதன்மேல் விளக்கு 'டக்'கென்று உட்காரும். வேண்டுமென்றால் பிடுங்கி டார்ச்சாக எடுத்துக்கொண்டு நடக்கலாம். அந்த 'டக்' சத்தத்துக்காகவே பத்து தடவை எடுத்து எடுத்து வைத்தேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இதற்குள் இருக்கும் பி.ஐ.ஆர். சென்சாருக்கு உருவம் தெரியாது, உடம்புச் சூடுதான் தெரியும். சூடுள்ள ஒன்று நகர்ந்தால் விழித்துக்கொள்ளும். அதனால்தான் எங்கள் சமையலறைப் பல்லி எத்தனை சுற்று வந்தாலும் மதிப்பதில்லை. மாடிப்படிப் பூனை எட்டிப் பார்த்தால் பளிச்! நேராக விளக்கைப் பார்த்து நடந்து வந்தால் கொஞ்சம் யோசிக்கும், குறுக்கே கடந்தால் உடனே எரியும். ஆகவே நடைக்கு எதிரே ஒட்டாதீர்கள், பக்கவாட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரமும் இரண்டு கோந்துப் பட்டையும் செலவாயின. சுண்ணாம்புச் சுவரில் கோந்து நிற்காது, அதுவும் அனுபவம்தான்.

பரீட்சை வந்தது 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயலில். ராத்திரியெல்லாம் கொட்டிய மழையில் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். தெருவில் தண்ணீர் நிற்கும்போது நிறுத்தாவிட்டால்தான் பயம். எங்களுக்குத் திரும்பி வர மறுநாள் ராத்திரி ஆகிவிட்டது. (வேளச்சேரி, பள்ளிக்கரணைக்காரர்கள் பட்ட பாடு தனிக் கதை.) அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் யாரும் எதையும் தேடவில்லை! அம்மா எழுந்து காலைக் கீழே வைத்ததும் கட்டிலடியில் வெளிச்சம். நாலு எட்டு வைத்தால் பாத்ரூம் வாசலில் இன்னொன்று. "நான் போற இடமெல்லாம் முன்னாடியே ஓடி வந்து நிக்கறதுடா" என்றாள். சமையல் மேடைக்கு மேலே இருப்பதை 'ஆட்டோ'விலிருந்து 'ஆன்'னுக்குத் தள்ளிவிட்டு ரசம் வைத்தோம்.

ஒரு கஷ்டம் உண்டு. பாத்ரூமில் அசையாமல் உட்கார்ந்தால் இருபதாவது விநாடி விளக்கு அணைந்துவிடும். ஓட்டுக் கேட்க வந்த வேட்பாளர் மாதிரி இருட்டில் கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

தி. நகரில் என் மச்சினர் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஃபேன் ஓடும், டி.வி. ஓடும். குறை சொல்ல மாட்டேன். மிக்ஜாமின் முதல் நாள் சாயங்காலமே அது கீ கீ என்று கத்திவிட்டுக் கண்ணை மூடியது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறந்திருக்கிறார். வருஷத்துக்கு நாலு தடவை நினைக்கும் சாமானை மறக்கத்தான் செய்வோம். என் விளக்கு தினம் ராத்திரி வேலை செய்கிறது. சார்ஜ் தீர்ந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். விடாமல் எரியவிட்டால் ஐந்து மணி நேரம், அதாவது 300 நிமிஷம். ஒரு ராத்திரிக்கு இருபது தடவை எரிந்தாலும் ஏழு நிமிஷம்கூட ஆகாது. நாற்பது நாளுக்கு மேல் வர வேண்டும். ஆள் இல்லாதபோதும் சென்சார் முழித்திருப்பதால் எங்களுக்கு மூன்று, நாலு வாரம் வருகிறது. கரண்ட் இல்லாதபோது தீர்ந்தால் பவர் பேங்கில் செருகினால் போயிற்று. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் நிறுத்துகிற அன்றும் ஜன்னல் இல்லாத எங்கள் பாத்ரூமில் இதுதான் துணை.

கத்திரி வெயிலில் மட்டும் கொஞ்சம் மந்தமாகும். சுவரும் நம் உடம்பும் ஒரே சூட்டில் இருக்கும்போது ஆள் எது, சுவர் எது என்று அதற்குப் புரிவதில்லை. மே மாதச் சென்னையில் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, மன்னித்துவிட்டேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் வாங்கிவிடுங்கள். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், அதைப் பாத்ரூம் வாசலில் முழங்கால் உயரத்தில் ஒட்டுங்கள்.