அலமாரியின் வரிசை

சென்னை ஸர்வகலாசாலைப் புத்தகசாலையில் 1924-இல் பொறுப்பேற்ற எஸ். ஆர். ரங்கநாதன், கணிதம் போதித்துப் பழகிய புத்தியைக் கொண்டு வகுத்து 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையைப் பற்றிப் பேசுவோர், அதன் தர்க்கச் சிறப்பையே பெரிதும் வியப்பர். எனக்கோ, அந்நிய தேசத்து இலக்கியத்தை நாடிவரும் வாசகனுக்கு அது புரியும் உபகாரமே அதனினும் பெரிதாகத் தோன்றுகிறது.

இலக்கிய நூலொன்றை அம்முறை முதலில் மூலத்தின் பாஷையாலும், பின்னர் கவிதை, நாடகம், நாவல் என்னும் வடிவத்தாலும், அதன் பின்னர் ஆசிரியரின் ஜனன வருஷத்தாலும் இனங்கண்டு நிறுத்துகிறது. அகரவரிசை வெறும் தற்செயல். ஜனன வருஷமோ சரித்திரம். ஆகவே, டால்ஸ்டாயின் பெயரை மட்டுமே கேள்வியுற்று ருஷ்ய நாவல்களை அணுகும் மாணவன், 1809-இல் பிறந்த கோகோலையும், 1818-இல் பிறந்த துர்கனேவையும், 1821-இல் பிறந்த தாஸ்தயேவ்ஸ்கியையும் கடந்தே 1828-இல் பிறந்த அவரிடம் சேருகிறான். தேடி வந்தவரைக் காணுமுன்னமே மூத்தோர் மூவரின் பரிசயம் அவனுக்கு வாய்த்துவிடுகிறது. ஆங்கில மொழிபெயர்ப்பாயினும் அந்நூல்கள் ருஷ்ய வரிசையிலேயே நிற்கும் என்பது இம்முறையின் அழகுகளுள் ஒன்று.

வாசகன் தானே அலமாரிகளிடையே உலவ வேண்டும் என்பதையும், 1931-இல் வெளிவந்த நூலகவியலின் ஐந்து விதிகள் என்னும் நூலில் ரங்கநாதன் வற்புறுத்தினார். சீட்டெழுதிக் கொடுத்துக் காத்திருப்பவன் தான் முன்பே அறிந்த நூலையே பெறுவான்; அலமாரியின் முன் நிற்பவனது கையோ, அறியாத ஆசிரியர்மீதும் சென்று படுகிறது.

திரைப்படங்களைச் சேகரிக்கும் ஸர்வகலாசாலைகளும் அவற்றைத் தேசத்தாலும் இயக்குநரின் ஜனன வருஷத்தாலும் அடுக்கிவைக்குமாயின், 1910-இல் பிறந்த ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவைத் தேடிச் செல்வோர், 1898-இல் பிறந்த மிசோகுச்சியையும் 1903-இல் பிறந்த ஓசுவையும் வழியிலேயே சந்திப்பர்.